வயிற்றில் ஒரு தற்காலிக வாசல்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று காலையில்தான் பக்கத்து நர்ஸிங் ஹோமில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்று கிலோ. தாத்தா ஸ்வீட் பாக்ஸ் வாங்கப் போயிருக்கிறார். இன்று காலையில் குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை. வயிறு கொஞ்சம் உப்பினாற்போல் இருக்கிறது. ‘‘இன்னும் வெளிக்கே போகலையே...’’ என்று அம்மா இழுக்க, பாட்டியிடம் பதில் தயாராக இருக்கிறது. ‘‘அதுக்கென்னடி? வெத்தலைக் காம்புல விளக்கெண்ணெய் தடவி வெச்சா தானா போயிடும். உன் புருஷனுக்கே நான் அப்படித்தான் வெச்சேன்!’’

பாட்டி ஆசையாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்தக் காம்பை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் முதல் மலம் கரும்பச்சை நிறத்தில், தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். ‘காட்டுப்பீ’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் 24 மணி நேரத்துக்குள் அதைப் போய்விடுவார்கள். 48 மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால் காரணம் கண்டுபிடித்தே ஆகவேண்டும். காரணங்களில் ஒன்று ‘ஹிர்ஷ்ப்ருங்’ என்ற நோய். டென்மார்க் டாக்டர் ஒருவர் 1886-ல் விவரித்ததால் அவர் பெயரே வந்துவிட்டது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் இருக்கவேண்டிய நரம்பு செல்கள் இருக்காது. அந்தப் பகுதி விரிந்து கொடுக்காமல் இறுகியே கிடக்கும். மேலே இருந்து வருவது அங்கே வந்து நின்றுவிடும். வெற்றிலைக் காம்பு வைத்தால் இந்தக் குழந்தைக்கும் காற்றும் மலமும் சேர்ந்து ‘புஸ்ஸென்று’ பீறிட்டுக்கொண்டு வரும், வயிறும் இளகும். எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். நோய் உள்ளேயே இருக்கும். நாலு நாள் கழித்து குடலில் கிருமி பரவி, காய்ச்சலோடு வரும்போது குழந்தையின் நிலைமையே வேறு.

இன்னொன்று, ஆசனவாய் சரியாக உருவாகாமலே பிறப்பது. சுமார் 5,000 பிரசவத்துக்கு ஒன்று என்கிறது மருத்துவக் கணக்கு. ஹிர்ஷ்ப்ருங் நோயும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம், திருப்பிப் பார்த்தாலே தெரியும். ஆனால் யாராவது பார்க்கவேண்டுமே! அதிலும் பெண் குழந்தைகளில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. பிறப்புறுப்பை ஒட்டிய சின்னத் துவாரம் வழியாக மலம் வந்துகொண்டிருக்கும். துணி நனைகிறதே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஆண் குழந்தைகளில் சிலருக்கு சிறுநீரில் பச்சையாகக் கலந்து வரும். ஆகவே டிஸ்சார்ஜுக்கு முன்னால் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: ‘‘மோஷன் போற வழி சரியான இடத்துல இருக்கா? பார்த்துட்டீங்களா?’’

மூன்றாவது அடையாளம் பச்சை வாந்தி. குழந்தை கக்குவது வெள்ளையாக, தயிர் மாதிரி இருந்தால் பயமில்லை. இலைச்சாறு மாதிரி பச்சையாக இருந்தால் அது பித்தநீர். குடல் எங்கோ அடைத்திருக்கலாம், முறுக்கிக்கொண்டும் இருக்கலாம். முறுக்கிய குடல் சில மணி நேரத்தில் செத்துப்போகும். ‘காலையில பார்க்கலாம்’ என்பதெல்லாம் இதற்குக் கிடையாது. ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

எங்கே கிளம்புவது?

குழந்தைகளுக்கான சர்ஜன் இருக்கும் இடத்துக்கு. அரசுத் தரப்பில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இதற்குப் பேர்போனது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டே. தனியாரில் பார்ப்பதானாலும், பச்சிளம் குழந்தை ஐ.சி.யூ.வும் குழந்தைகள் சர்ஜனும் இரண்டும் உண்டா என்று பிரசவம் பார்த்த டாக்டரையே போனில் கேட்கச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலாக ஏறி இறங்க அந்தக் குழந்தைக்கு நேரம் இல்லை. 108 சேவையில் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தனி வண்டிகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

கிளம்பும் முன் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது. மூக்கு வழியாக வயிற்றுக்குள் டியூப் போட்டு, உள்ளே இருப்பதை எடுத்துவிடுவார்கள். தலையிலிருந்து கால்வரை நன்றாகச் சுற்றி, வண்டியில் ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். உடம்பு ஜில்லிட்டுப் போன குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. ரெஃபரல் கடிதம், வைட்டமின் கே ஊசி போட்ட விவரம், அம்மாவின் ரத்த சாம்பிள் இவை கையில் இருக்கட்டும். குழந்தைக்கு ரத்தம் பொருத்திப் பார்க்க அம்மாவின் சாம்பிளும் கேட்பார்கள். சிசேரியன் ஆன அம்மா நர்ஸிங் ஹோமிலேயே இருக்கவேண்டி வரலாம். அங்கே அழுதுகொண்டே இருக்காமல், மூன்று மணிக்கொரு தரம் பாலைப் பீய்ச்சி எடுத்துவிடட்டும். நாலைந்து நாளில் குழந்தைக்கு அந்தப் பால் வேண்டும்.

‘‘வயித்துல ஓட்டையா, டாக்டர்?’’

நடுராத்திரியில் அப்பாவிடம் ஒரு காகிதம் நீட்டப்படும். ‘கொலாஸ்டமி’ என்று எழுதியிருக்கும். வயிற்றில் ஒரு சின்னத் துவாரம் போட்டு, பெருங்குடலை வெளியே கொண்டுவந்து தைத்து, அந்த வழியாக மலம் போக வைப்பது. சிறுகுடலில் வைத்தால் ‘இலியாஸ்டமி’. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோயில் பெரும்பாலும் இதுதான். அந்த வாசலுக்குப் பொதுப் பெயர் ‘ஸ்டோமா’. கிரேக்க மொழியில் வாய் என்று அர்த்தம்.

‘‘நேரா கீழேயே வழி பண்ணிடக் கூடாதா?’’ எல்லா அப்பாக்களும் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. சில குழந்தைகளுக்கு அப்படியே செய்துவிடுகிறார்கள். ஆசனவாய் தோலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒரே ஆபரேஷன் போதும். அதைத் தீர்மானிக்கத்தான் பிறந்து ஒரு நாள்வரை சில சமயம் காத்திருப்பார்கள். காற்று கடைசிவரை இறங்கினால்தான் எக்ஸ்ரேயில் தெரியும். அந்த நேரத்தில் இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாவற்றையும் சோதிப்பார்கள். ‘ஒண்ணுமே பண்ணாம போட்டு வெச்சிருக்காங்க’ என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

குடல் மேலேயே நின்றுவிட்டால் கதை வேறு. அதன் முனை சிறுநீர்ப் பாதையோடு ஒட்டியிருக்கலாம். எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைத்தால் சிறுநீர்ப் பாதைக்கே சேதம். தவிர, புதிதாகத் தைத்த இடத்தின்மேல் நாள் முழுக்க மலம் போய்க்கொண்டிருந்தால் தையல் நிற்குமா? அதனால் முதலில் வாசல்; உயிர் தப்பிவிடும். எடை ஏறியபின் கீழே சரியான இடத்தில் ஆசனவாய். அது ஆறியபின் வயிற்று வாசலை மூடுவது. மூன்று கட்டம், பல மாதம். இரண்டாம் கட்டத்தில் இன்று உலகமெங்கும் செய்யப்படும் முறை 1980-களின் தொடக்கத்தில் டாக்டர் ஆல்பர்ட்டோ பெனா கொண்டுவந்தது. முதல் கட்டமோ ரொம்பப் பழசு. 1793-ல் பிரான்ஸில் பிரெஸ்ட் என்ற ஊரில் டியூரே என்ற சர்ஜன், ஆசனவாய் இல்லாமல் பிறந்த மூன்று நாள் குழந்தைக்கு வயிற்றில் வாசல் வைத்தார். மயக்க மருந்தே இல்லாத காலம். அந்தக் குழந்தை 45 வயதுவரை வாழ்ந்தது!

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் தடவை பார்க்கும் அம்மாவுக்குக் கை நடுங்கும். சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உள்பக்கம் மாதிரி இருக்கும். தொட்டால் குழந்தைக்கு வலிக்காது; அந்த இடத்தில் வலி தெரியும் நரம்பு இல்லை. துடைக்கும்போது துளி ரத்தம் வந்தால் பதறாதீர்கள். சிலருக்கு இரண்டு துவாரம் இருக்கும். ஒன்றில் மலம், இன்னொன்றில் வெறும் சளி மாதிரி. அதுவும் சரிதான்.

நிஜமான பிரச்சினை சுற்றியுள்ள தோல்தான். இலியாஸ்டமியில் வருவது தண்ணியாக, ஜீரண ரசத்தோடு வரும். தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும். அதற்கு ஒட்டுப் பை கட்டாயம். (இந்தப் பைக்கு வழி காட்டியது டென்மார்க் நர்ஸ் எலிஸ் சோரன்ஸன். 1954-ல் ஆபரேஷன் ஆன தன் தங்கைக்காக யோசித்தது!) பையின் துவாரத்தை ஸ்டோமாவைவிட ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். முதல் சில வாரங்களில் வீக்கம் வற்றி ஸ்டோமா சுருங்கும், அதனால் அடிக்கடி அளந்து பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். மே மாத வியர்வையில் பை பிடிக்காமல் போகும். காலையில், பால் கொடுக்கும் முன், மின்விசிறிக் காற்றில் தோலை நன்றாகக் காயவைத்து ஒட்டுங்கள்.

கொலாஸ்டமியில் மலம் கெட்டியாக வருவதால் பல வீடுகளில் பை இல்லாமலே சமாளிக்கிறார்கள். தாத்தாவின் பழைய வேட்டியை மெத்தென்று மடித்து, தோலில் ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு தடவி, மேலே ஒரு டயபர். செலவு குறைவு, குழந்தைக்கும் சுகம். சுத்தம் செய்ய வெறும் தண்ணீர் போதும். டெட்டால் வேண்டாம், வாசனை வைப்ஸ் வேண்டாம், பவுடர் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டியிடம் வயிற்றுப் பக்கம் மட்டும் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன்மேல் பை ஒட்டாது. அரைஞாண் கயிறு வாசலை உரசாமல் கீழே இறங்கி இருக்கட்டும். தாய்ப்பாலும் தடுப்பூசியும் வழக்கப்படியே.

ஸ்டோமா நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், குடல் நீளமாக வெளியே தள்ளினால், வருவது திடீரென்று நின்று வயிறு உப்பினால் உடனே ஆஸ்பத்திரி. இலியாஸ்டமிக் குழந்தை தண்ணியாக நிறையப் போய், கண் குழிந்து, சிறுநீர் குறைந்தாலும் அப்படியே. அதில் உப்புச் சத்தும் போய்விடும். எடை ஏறாத குழந்தைக்கு சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

தொட்டில் போடும் நாளில் உறவுக்காரர்கள் ‘‘வயித்துல என்ன துணி?’’ என்று கேட்கத்தான் கேட்பார்கள். சிலர் இதற்காகவே விசேஷத்தை நிறுத்திவிடுகிறார்கள். மறைக்க மறைக்கத்தான் பேச்சு வளரும் என்பது என் அபிப்பிராயம். ‘‘ஆபரேஷன் ஆயிருக்கு, சில மாசத்துல மூடிடுவாங்க’’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு காபி கொடுங்கள். இதைவிட எனக்குப் பெரிய கவலை, குழந்தை கொழுகொழுவென்று ஆனதும் ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று அடுத்த ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு உதவி உண்டு. சொந்த பாலிசி இருந்தால், குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே கவரேஜ் உண்டா என்று பிரசவத்துக்கு முன்பே படித்துப் பாருங்கள்.

இரண்டாவது ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்தில், புது ஆசனவாய் சுருங்காமல் இருக்க, உலோகக் கம்பி போன்ற ஒன்றை உள்ளே விட்டு விரிவாக்கச் சொல்லித்தருவார்கள். தினமும் இரண்டு வேளை, மாதக்கணக்கில், வீட்டில் நீங்களேதான் செய்யவேண்டும். குழந்தை அழும், உங்களுக்கும் அழுகை வரும். ஒரு வாரம் விட்டுவிட்டால் துவாரம் சுருங்கி, மறுபடி ஆபரேஷன் டேபிள். அம்மாவால் முடியாவிட்டால் அப்பா கற்றுக்கொள்ளட்டும்!

வாசலை மூடிய பிறகு ஒரு பத்துப் பதினைந்து தடவைகூட குழந்தை வெளிக்குப் போகலாம். மலமே பட்டறியாத தோல், தீப்பட்டது மாதிரி சிவந்துவிடும். மூடும் தேதி குறித்ததுமே ஜிங்க் களிம்பு இரண்டு டியூபாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே, புண் வரும்வரை காத்திராமல், ஒவ்வொரு தடவை கழுவியதும் தடிமனாகப் பூசுங்கள். ஹிர்ஷ்ப்ருங் குழந்தைக்கு ஆபரேஷன் முடிந்த பிறகும் காய்ச்சல், உப்பிய வயிறு, நாற்றமெடுக்கும் பேதி மூன்றும் சேர்ந்து வந்தால் தெருமுனை டாக்டரிடம் நிற்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துக்கொண்டு.