தாயும் மகளும் உதயப்பூரில் இரண்டு நாள்

ஊரிலிருந்து பெற்றோர் தில்லிக்கு வந்தால் நாம் செய்வது என்ன? முதல் நாள் செங்கோட்டையும் குதுப்மினாரும். இரண்டாம் நாள் ஆக்ரா. மூன்றாம் நாள் கரோல்பாகில் கடை கடையாக ஏறி இறங்குதல். அத்துடன் அவர்களை ரயிலேற்றி விட்டுப் பெருமூச்சு விடுகிறோம். தாஜ்மகாலைக் காணாமல் திரும்பினால் உற்றார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் நமக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு. ஆனால் தாயும் மகளும் மட்டுமாக, ஓட்டமின்றி, ஓர் அழகிய ஊரில் இரண்டு நாள் இருந்து வர வேண்டுமானால், தில்லிவாசிகளான நமக்கு ஏற்ற ஊர் உதயப்பூர் என்பது என் துணிபு. சென்ற ஐப்பசியில் என் அம்மாவுடன் சென்று வந்தேன். விடுதித் தோழியர் பலர் விவரம் கேட்டு வருவதால் மன்றத்து ஏட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

என் அம்மா ஊர் பார்க்காதவர் அல்லர். பழனி, இராமேசுவரம், திருப்பதி எல்லாம் கண்டவர்தாம். ஆனால் அவை யாவும் பத்துப் பதினைந்து உறவினருடன் வேன் பிடித்துச் சென்ற பயணங்கள். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறிப் பொட்டலம் கட்டுகிறவரும் அவரே. எல்லாரும் உண்ட பின் கடைசியாக உட்காருகிறவரும் அவரே. 52 வயதில், தமக்கென்று ஓர் ஊருக்குப் போனதில்லை. வரும் ஆவணியில் ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் கடல் கடக்கும்படி நேரலாம். பிறகு இருவரும் சேர்ந்திருப்பது ஆண்டுக்கு ஒரு முறை வாய்த்தால் பெரிது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன். “எதுக்குக் கண்ணு வீண் செலவு? உன்னையப் பாத்தாப் போதாதா?” என்றார். எல்லாத் தாய்மாரும் இதைத்தான் சொல்வார்கள். அதை மறுப்பாகக் கொள்ள வேண்டாம்; பயணச்சீட்டை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

பயணச்சீட்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிஜாமுத்தீன் நிலையத்திலிருந்து மாலையில் புறப்படும் மேவார் விரைவு ரயில் மறுநாள் காலை உதயப்பூரில் சேர்க்கிறது. வெள்ளி மாலை ஏறி, ஞாயிறு மாலை திரும்ப ஏறினால், திங்கள் காலை ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடலாம். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 45 வயது கடந்த பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை இருக்குமானால் ரயில்வேயே ஒதுக்குகிறது; எனவே பதிவு செய்யும்போது வயதைக் குறைத்துப் போடாதீர்கள், அம்மாவே கேட்டுக்கொண்டாலும்!

எந்த மாதத்தில் செல்வது என்பதில்தான் சற்று அறிவு வேண்டும். உதயப்பூரின் அழகெல்லாம் ஏரிகளின் அழகு. அவை இயற்கை ஏரிகளும் அல்ல. பிச்சோலா ஏரியைப் பதினான்காம் நூற்றாண்டில் பொதிமாட்டு வணிகன் ஒருவன் கரை எழுப்பி உண்டாக்கினான் என்று சொல்லி வருகிறார்கள். பிறகு வந்த இரண்டாம் உதயசிங் மகாராணா 1559இல் அதன் கரையில் நகரத்தை அமைத்து ஏரியையும் விரிவாக்கினார். பிச்சோலாவும் சுவரூப் சாகரும் பதே சாகரும் கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்தவை. ஆரவல்லி மலைகளுக்கிடையே பெய்யும் மழையை ஏரிக்கு ஏரி தேக்கி வைக்கும் இந்த ஏற்பாடு, நம் நாட்டு ஏரிச் சங்கிலியைக் கண்டவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. மழை பொய்த்தால் ஏரியும் பொய்க்கும். 2000ஆம் ஆண்டை அடுத்த பஞ்ச காலத்தில் பிச்சோலா வறண்டு, நீர் நடுவே நின்ற அரண்மனைக்கு மக்கள் நடந்தே போனார்களாம். ஆகவே பருவமழை ஓய்ந்த பிறகு, அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் செல்வதே முறை. கோடையில் அழைத்துப் போனால் அம்மா ஈரோட்டு வெயிலே மேல் என்பார்.

தங்குவதற்குப் பழைய நகரத்தில், ஏரிக்கரையை ஒட்டியே அறை எடுங்கள். காலையில் சன்னலைத் திறந்தால் நீர் தெரிய வேண்டும். அதற்காகச் சற்று அதிகம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே தெருவெல்லாம் ஏற்ற இறக்கம். பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பதால் பல இடங்களில் படிகள் செங்குத்து. முழங்கால் வலி உள்ள தாயாருக்கு மாடி அறை தண்டனை. பணம் கட்டுமுன் எந்தத் தளம், எத்தனை படி என்று கேட்டுக்கொள்வது நலம்.

சனிக்கிழமை காலை எங்கே தொடங்குவது? கோவிலில் தொடங்குங்கள். கலை என்று சொல்லி நேரே அருங்காட்சியகத்துக்கு இழுத்துச் சென்றால் அம்மாவுக்கு மனம் ஒட்டாது. முதலாம் ஜகத்சிங் 1651இல் கட்டுவித்த ஜகதீசர் ஆலயம் நகரின் நடுவே நிற்கிறது, உள்ளே திருமால். முப்பதுக்கு மேல் படிகள். நின்று நின்று ஏறலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் அரண்மனை. அதில் எல்லாக் கூடங்களையும் பார்ப்பேன் என்று சபதம் செய்யாதீர்கள். மயில் முற்றத்தில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் இழைத்த மயில்களையும், சிற்றோவியங்களையும் கண்டால் போதும்.

அந்தச் சிற்றோவியங்களைப் பார்க்க ஒரு வழி உண்டு. மேவார் ஓவியர்கள் ஒரே படத்தில் ஒரே ஆளை மூன்று நான்கு இடங்களில் வரைவார்கள். கதை நகர நகர ஆளும் நகர்கிறான். அதே ஜகத்சிங்குக்காக 1649 முதல் 1653 வரை இராமாயணம் முழுவதையும் ஓவியமாக்கினார்கள். அவர்களுள் தலைசிறந்தவர் சாகிப்தீன் என்ற முகமதியர். அந்த ஏடுகளில் பெரும்பகுதி இன்று இலண்டனில் இருப்பது வேறு சோகம். இந்த முறையை ஒருமுறை சொன்னதுமே அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. கோவில் சுவரில் தலபுராணம் பார்த்துப் பழகிய கண் அல்லவா! பிறகு எனக்கே அவர் விளக்கத் தொடங்கினார். நான் இரசாயன மாணவி. பச்சைக்கு மலாக்கைட், சிவப்புக்கு இங்குலிகம், வெள்ளைக்குச் சங்கு, பிசினாக வேலம்பசை, மெருகுக்கு அகேட் கல் என்று பட்டியல் படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மாலையில் படகு, இரவு 7 மணி அளவில் கங்கௌர் துறையில் உள்ள பாகோர் மாளிகையில் நாட்டுப்புற ஆடல். தலையில் குடத்தின் மேல் குடம் அடுக்கி ஆடும் பவாய் ஆட்டத்தைக் கண்டவுடன் “நம்மூர்க் கரகம்!” என்று அருகில் ஒரு குரல் எழும். எழாவிட்டால் நான் சொன்னது பொய்.

ஞாயிறன்றைக்கு இரண்டு வழி. ஒன்று, 48 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாததுவாரா. அங்கே கண்ணபெருமானுக்குப் பின்னே தொங்கவிடும் துணிச்சீலை ஓவியங்களுக்குப் பிச்சுவாய் என்று பெயர்; கோவில் கேட்கும் தாய்க்கும் ஓவியம் கேட்கும் மகளுக்கும் ஒரே இடத்தில் நிறைவு. ஆனால் நாளொன்றுக்கு எட்டு முறை, சிறிது நேரமே திரை விலகும், கூட்டமும் நெருக்கும். மற்றொன்று, நகரத்தின் மேற்கே உள்ள சில்ப்கிராம். இராஜஸ்தான், குஜராத், மராட்டியம், கோவா ஆகிய பகுதிகளின் வீடுகளை அங்கங்குள்ளபடியே கட்டி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் சென்றது சில்ப்கிராமத்துக்கு. ஒரு குடிசையின் சாணம் மெழுகிய சுவரில் மாண்டணா இருந்தது. காவி பூசிய தரையிலும் சுவரிலும் இராஜஸ்தானத்துப் பெண்கள் சுண்ணவெள்ளையால் இடும் கோலம் அது. நம் மாக்கோலமும் செம்மண் கரையும் போலவேதான். நாம் புள்ளி வைத்துச் சுற்றுகிறோம், அவர்கள் முக்கோணமும் சதுரமும் அடுக்கி உள்ளே கோடு நிரப்புகிறார்கள். அம்மா ஏறக்குறைய அரைமணி அங்கே நின்றார். பக்கத்தில் இருந்த கிராமத்து அம்மாள், வெள்ளையில் நனைத்த பஞ்சைக் கையில் பிடித்து, விரல் வழியே கோடு இறங்குவதைச் செய்து காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. அம்மா மண்ணில் குச்சியால் ஒரு சிக்குக் கோலம் போட்டார். அந்த அம்மாள் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தேடினார். என்னை யாரும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. நாததுவாராவுக்குக் கார் பிடித்திருந்தால் இந்த அரைமணி கிடைத்திராது. ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பணம் பற்றி ஒன்று. சீட்டும் அறையும் என் உதவித்தொகையிலிருந்து மூன்று மாதம் சேர்த்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் அம்மாவுக்கு ஒரு வாய் தேநீரும் இறங்காது. ஆகவே ஆட்டோவுக்கும் தேநீருக்கும் அவரே பணம் கொடுக்கட்டும் என்று சுருக்குப் பையை அவரிடமே விட்டுவிட்டேன். ஆட்டோக்காரரிடம் விரல் காட்டியே பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்த பெருமை ஊர் போய்ச் சேரும் வரை இருந்தது. உணவுக்குக் கவலை வேண்டாம். பருப்பும் நெய்யும் பாட்டியும் வயிற்றில் கல்லைப் போல் உட்காரும் என்பதால் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம், தயிர் எங்கும் கிடைக்கும். ஞாயிறு மாலை ரயிலுக்கு முன் பதே சாகர் கரையில் ஒரு மணி நேரமாவது மிச்சம் வையுங்கள். அங்கே பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. உட்கார்ந்து வறுத்த சோளம் தின்னலாம்.