டிராக்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால்...

சேற்றுழவு நடந்துகொண்டிருக்கிறது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் நிற்பதற்குள் உழுது முடிக்க வேண்டும். நடவு ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. அந்த நேரம் பார்த்து டிராக்டரின் முன்பலகையில் எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது. "இன்னும் நாலு சுற்றுத்தானே, முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று ஓட்டுபவர் நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நாலு சுற்றே எஞ்சினை அடியோடு பிரித்துப் போடும் செலவைக் கொண்டுவந்து விடலாம்.

எண்ணெய் அழுத்தம் எதற்கு?

எஞ்சினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை ஆயில் பம்ப் ஒரு வலை வழியாக உறிஞ்சி, வடிகட்டியின் வழியே கிராங்க் ஷாப்ட், கேம் ஷாப்ட் பேரிங்குகளுக்கு அழுத்தத்துடன் தள்ளுகிறது. சுழலும் ஷாப்ட் பேரிங்கின் மேல் நேரடியாக உராய்வதில்லை. இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்கிறது. அழுத்தம் குறைந்து இப்படலம் அறுந்தால், சில நிமிடங்களிலேயே பேரிங் சூடேறித் தேய்ந்து ஷாப்ட்டைப் பிடித்துக்கொள்ளும். எனவே விளக்கு எரிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்துவதே முதல் வேலை. காரணத்தைப் பிறகு தேடலாம்.

முதலில் அளவுக்குச்சி

டிராக்டர் சமதரையில் இருக்க வேண்டும். வரப்பின் மேல் சாய்ந்து நிற்கும்போது பார்த்தால் அளவு தவறாகத் தெரியும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, குச்சியைத் துடைத்து மீண்டும் செருகி எடுக்க வேண்டும். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், கையேட்டில் சொன்ன வகை எண்ணெயை மேல்கோடு வரை ஊற்ற வேண்டும். எண்ணெய் எங்கே போயிற்று என்பதையும் அறிய வேண்டும். வடிகால் திருகு, வடிகட்டியின் ரப்பர் வளையம் ஆகிய இடங்களில் கசிவு உண்டா, புகைக் குழாயில் நீலப் புகை வருகிறதா என்று கவனிப்பது அவசியம்.

அளவு மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். குச்சியை முகர்ந்து பார்க்க வேண்டும். டீசல் வாடை அடித்தால், பழுதான இன்ஜெக்டர் அல்லது டீசல் பம்ப் வழியாக டீசல் கலந்து எண்ணெய் நீர்த்துவிட்டது என்று பொருள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால், ஹெட் கேஸ்கட் அல்லது லைனர் ரப்பர் வளையம் வழியாக ரேடியேட்டர் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இவ்விரு நிலைகளிலும் எஞ்சினை மீண்டும் கிளப்பக் கூடாது. வேறு டிராக்டரைக் கொண்டு மெதுவாக இழுத்துச் செல்ல வேண்டும்.

விளக்கு பொய் சொல்கிறதா?

அளவும் நிறமும் சரியாக இருந்தால், எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள பிரஷர் சுவிட்சைச் சோதிக்கலாம். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டால் விளக்கு எரிய வேண்டும். பிறகு சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினால் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஒயர் எங்கோ தோல் உரிந்து இரும்பில் படுகிறது.

ஒயர் நன்றாக இருந்தால், மெக்கானிக்கை அழைத்து, சுவிட்சைக் கழற்றிய இடத்தில் அழுத்தமானியைப் பொருத்திச் சற்று நேரம் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கையேட்டில் குறித்த அழுத்தத்தை மானி காட்டினால் குறை சுவிட்சில்தான்; சிறு செலவோடு போயிற்று. விளக்கின் தொல்லை தாங்காமல் ஒயரைக் கழற்றிவிட்டு உழுவது சிலரிடம் உள்ள பழக்கம். இது காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதற்கு ஒப்பாகும்.

அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருந்தால்

செலவு குறைந்த காரணங்களிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. எண்ணெய் பழையதா, தவறான வகையா? அப்படியானால் எண்ணெயையும் வடிகட்டியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

2. எஞ்சின் அதிகம் சூடாகிறதா? ரேடியேட்டர் வலையில் வைக்கோல் தூசும் பதரும் அடைத்தால் எஞ்சின் சூடேறி எண்ணெய் இளகும், அழுத்தம் இறங்கும்.

3. அடித்தொட்டியைக் கழற்றினால், உறிஞ்சும் வலையில் கசடு அடைத்திருப்பதைக் காணலாம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் தூசி சிக்கியிருந்தாலும், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் எண்ணெய் தொட்டிக்கே திரும்பிவிடும்.

4. இவை சரியாக இருந்த பின்னரே பம்ப்பையும் பேரிங்குகளையும் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் சூடான பின், மெதுவாக ஓடும்போது விளக்கு எரிந்து, வேகம் கூட்டினால் அணைவது தேய்மானத்தின் அறிகுறியாக இருக்கலாம். அடியிலிருந்து 'டக் டக்' என்று கனத்த ஓசையும் கேட்டால் தாமதிக்கக் கூடாது. இந்நிலையில் பேரிங்குகளை மட்டும் மாற்றித் தப்பிக்க வாய்ப்புண்டு. விட்டால் கிராங்க் ஷாப்ட்டும் கெடும்.

தேய்ந்த எஞ்சினில் கெட்டியான எண்ணெயை ஊற்றி விளக்கை அணைப்பது தீர்வாகாது. குறை மறையுமே தவிர நீங்காது. பழைய டிராக்டரை விலை பேசுவோரும் இதை நினைவில் கொள்ள வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மெதுவாக ஓடவிட்டு விளக்கைக் கவனித்த பின்பே முன்பணம் கொடுப்பது நல்லது.

வருமுன் காக்க

தினமும் காலையில் டிராக்டரைக் கிளப்புமுன் குச்சியைப் பார்ப்பது, கையேட்டில் குறித்த மணிக் கணக்கில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவது, அந்த மணிக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைப்பது, மாலையில் ரேடியேட்டர் வலையைத் தட்டிச் சுத்தம் செய்வது ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றும் தினமும் பார்க்க வேண்டும். பல்பு போயிருந்தால் ஆபத்து வரும்போது சொல்ல ஆளிருக்காது. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணையும் விளக்கே நம்பத் தகுந்த விளக்கு.