மடை என்னும் சொல்

கோயிலில் சுவாமிக்கு நைவேத்தியம் தயாராகும் இடத்துக்கு மடைப்பள்ளி என்று பெயர். ஏரிக்கரையின் அடியிலே தண்ணீர் வயலை நோக்கிப் புறப்படும் வாய்க்கு மடை என்று பெயர். அடுப்பும் நெருப்புமாக இருக்கிற சமையற்கூடத்துக்கும், பாசியும் சேறுமாக இருக்கிற நீர்வாயிலுக்கும் ஒரே சொல் எப்படி வந்து வாய்த்தது என்று சிறு பிராயம் முதலே எனக்கு ஓர் ஐயம் உண்டு. இரண்டும் வேறு வேறு சொற்கள், ஒலியில் மட்டுமே தற்செயலாக ஒத்து நிற்கின்றன என்று தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் அகராதியைப் புரட்டுகிறவனுக்கு அப்படித் தள்ளிவிட மனம் வராது.

அகராதி மடை என்ற சொல்லுக்குத் தரும் பொருள்கள் பல. சமையல், சோறு, தெய்வத்துக்கு இடும் படையல், நீர் பாயும் மதகு, வாய்க்கால் என்பவற்றோடு, ஆபரணத்தின் கடைப்பூட்டு, வேலின் மூட்டுவாய் என்பனவும் அங்கே இடம் பெற்றிருக்கின்றன. அரசருக்குச் சமைத்தவர்களை மடையர் என்று பழைய நூல்கள் சொல்லும். நாடிழந்த நளன் இருதுபன்னனிடம் சமையற்காரனாக அமர்ந்து செய்த வேலையைப் புகழேந்தி மடைத்தொழில் என்றே குறிக்கிறார். நம் தென்பாண்டிச் சீமையிலும் ஈழத்திலும் கிராம தேவதைகளுக்குப் பொங்கலும் பழமும் பரப்பி வைப்பதை மடை என்று சொல்லும் வழக்கு இன்றும் மறையவில்லை.

இத்தனைக்கும் வேர் மடு என்னும் வினை. உட்கொள்ளுதல், ஊட்டுதல், நிரப்புதல், பொருத்துதல் ஆகிய அர்த்தங்கள் யாவும் அந்த வினைக்கு உண்டு. செவிமடுத்தல் என்று நாம் அன்றாடம் சொல்லுகிறோமே, அது செவி வழியே உட்கொள்ளுதல் தானே? ஆற்றில் நீர் நிறைந்து கிடக்கும் ஆழமான பள்ளத்தை மடு என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தையே சேர்ந்தது. ஆக, வாய்க்குச் சோறு மடை. தெய்வத்துக்குப் படையல் மடை. வயலுக்குத் தண்ணீர் மடை. ஊட்டும் செயல் ஒன்றே; உண்ணுகிறவர்தாம் வேறு.

இதற்கு மாறான ஒரு சான்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நியாயம். மடுத்தல் என்பதற்குத் தடைப்படுதல் என்ற பொருளும் உண்டு. இடுக்கணழியாமை அதிகாரத்திலே, பள்ளமும் மேடுமாய் வழி விலங்கிய இடங்களில் எல்லாம் வண்டியை இழுத்துச் செல்லும் எருதைச் சொல்ல வந்த வள்ளுவர் இந்தச் சொல்லை அந்தப் பொருளிலேதான் பிரயோகிக்கிறார். அப்படியானால் மடை என்பது நீரைத் தடுக்கும் இடம் என்று ஒருவர் வாதிக்கலாம். அந்த வாதத்தில் பலம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், தண்ணீரைத் தேக்குவதற்குக் கரை இருக்கிறது. அந்தக் கரையிலே கணக்காக ஒரு வாய் வைத்து, வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு புகட்டுவதற்கே மடை ஏற்பட்டது என்பதை நினைக்கும்போது, ஊட்டுதல் என்ற பொருளையே என் மனம் நாடுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்லூஸ்’ என்ற சொல்லின் மூலம் லத்தீனில் ‘புறத்தே அடைத்து நிறுத்துதல்’ என்னும் பொருளுடையது. அவர்கள் கதவைப் பார்த்துப் பெயரிட்டார்கள். நம்மவர் வயலைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

ஏட்டிலே கண்ட இந்த முடிவை வயற்காட்டிலும் ஒரு நாள் கேட்க நேர்ந்தது. காவிரிப் பாசனக் கிராமம் ஒன்றில் மாலை வேளையிலே வரப்பின் மீது நடந்து போய்க்கொண்டிருந்தேன். முழங்கால் வரை சேறு பூசிய ஒரு முதியவர், மண்வெட்டியால் இரண்டு கொத்து மண்ணை அள்ளி, ஒரு பிடி வைக்கோலையும் சேர்த்து வரப்பின் வாமடையில் வைத்து மிதித்து அடைத்தார். பிறகு நான்கு எட்டு தள்ளிப் போய் அடுத்த வயலின் மடையை வெட்டிவிட்டார். “அதற்குள் அடைத்துவிட்டீர்களே, பெரியவரே?” என்று கேட்டேன். “இதுக்கு வயிறு நிறைஞ்சு போச்சு தம்பி. இனிமே குடுத்தா அழுகிடும். அது பாருங்க, காலையிலேருந்து பசியோட கெடக்கு” என்றார். சொல்லாராய்ச்சி செய்து அவர் அதைச் சொல்லவில்லை.

மடைக்கு உறவான சொற்களும் நம்மிடம் குறைவில்லை. தூம்பு என்பது மூங்கிலைப் போல உட்டுளை உடைய எதற்கும் பொதுப்பெயர். கரையின் அடியிலே நீர் செல்லும் கற்குழாய்க்கு அது பொருத்தமாக அமைந்தது. உபரி நீர் வழிந்தோடக் கட்டுவது கலிங்கு. அணைக்கட்டை ‘அனிகட்’ என்று எழுதிக்கொண்ட வெள்ளைக்காரப் பொறியாளர்கள், கலிங்கலைக் ‘காலிங்குலா’ என்று எழுதிக்கொண்டார்கள். பாண்டி நாட்டார் ஏரியைக் கண்மாய் என்பர். அது கண்வாய் என்பதன் திரிபு என்று கொள்வாரும் உளர். அது சரியானால், ஒரு சிறு நீர்வாயின் பெயரே ஏரி முழுவதற்கும் ஆகிவிட்டது என்று ஏற்படும். மதுரையில் வண்டியூர்க் கண்மாயை அடுத்த பகுதிக்கு மேலமடை என்று பெயர். நகரம் எவ்வளவோ வளர்ந்தும் பெயர் போகவில்லை.

ஏரிக்குள்ளே அமைக்கும் குமிழி என்ற மடையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிலே நம் முன்னோரின் நீரியல் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. மண்ணாலான கரையிலே நேராக ஒரு வாயைத் திறந்து வைத்தால் பாயும் நீர் கரையையே அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகையால் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஏரியின் தரைமட்டத்திலே கல்லால் ஒரு தொட்டி கட்டி, அதிலிருந்து கரைக்கு அடியாகச் சுருங்கை வழி அமைத்து வெளியே வாய்க்காலில் கொண்டு சேர்த்தார்கள். தொட்டியை மூடிய பலகைக் கல்லிலே வட்டமாக ஒரு துளை. அந்தத் துளைக்கு ஓர் அடைப்பு. தொட்டியின் இரு மருங்கிலும் நெடிய இரண்டு கல்தூண்கள். தூண்களை இணைக்கும் குறுக்குக் கற்கள். குறுக்குக் கற்களின் துளை வழியே இறங்கும் தண்டைப் பிடித்துத் தூக்கினால் அடைப்பு எழும், நீர் இறங்கும். தொட்டியின் கீழ்ப்பாகத்திலே சிறு துளைகள் வைத்து, அடியில் படியும் வண்டலையும் நீரோடு கலந்து வயலுக்கு அனுப்பினார்கள். அதற்குச் சேறோடி என்று பெயர். ஏரியும் தூர்வதில்லை, வயலுக்கும் உரம்.

அடைப்பு எழும்பாமல் சிக்கிக்கொண்டால், நிறைந்த ஏரியிலே நீந்திப் போய் மூழ்கி அதை விடுவிப்பவன் ஒருவன் வேண்டும். இழுக்கும் நீரிலே கால் அகப்பட்டால் அவன் உயிர் அவனதன்று. இப்படிப்பட்டவனை மடையன் என்று சொன்னதாலேதான் மடையன் என்பது வசையாயிற்று என்று இக்காலத்தில் பலர் உருக்கமாகச் சொல்லுகிறார்கள். அந்த உழைப்பாளியின்பால் எனக்கும் அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் இந்த விளக்கத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அறியாமையைக் குறிக்கும் மடம், மடமை, மடவர் என்ற சொற்கள் மிகப் பழையவை. வசைச்சொல் அந்த வழியில் வந்தது என்பதே இயல்பு. மடைகாத்தவனின் பெருமைக்குக் கற்பனைச் சொற்பிறப்பு வேண்டியதில்லை. நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் ஊர் அவனை அழைத்தது. விளைச்சலில் பங்கும் கொடுத்தது.

மடைகளைப் பேணுவது அக்காலத்தில் ஊரார் பொறுப்பாகவே இருந்தது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துச் சாஸனங்கள், 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம் என்ற தனிச் சபையையே கூறுகின்றன. அந்தப் பராந்தகனின் விருதுப்பெயரான வீரநாராயணன் என்பதுதான் வீராணம் ஏரியின் பெயராக நிற்கிறது. அந்த ஏரிக்கு 74 மதகுகள் என்பது வழிவழிச் செய்தி. ராமானுஜர் 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்ததற்கு அந்த எண்ணிக்கையையே காரணமாக வைணவப் பெரியோர் சொல்லுவார்கள். ஊருக்கு ஞானம் பாய்ச்சுகிறவர்களுக்கு மடையைக் காட்டிலும் ஏற்ற உவமை வேறு எது?

இப்போது கிராமத்தாரும் ‘ஷட்டர்’ என்றே சொல்லுகிறார்கள். இரும்புப் பலகையும் திருகும் வந்த பிறகு சொல்லும் மாறியதில் வியப்பில்லை. அதில் குற்றமும் இல்லை. ஆனால் கோடையிலே நீர் வற்றிய ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் தனியே நிற்கக் கண்டால், அது பயனற்ற கல் என்று எண்ணிப் பெயர்க்க விடாதீர்கள். குமிழித் தூம்பைச் செய்வித்தவன் பெயர் பல இடங்களில் அந்தத் தூணிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அருகே சென்று தடவிப் பாருங்கள். எழுத்து இருந்தால் தொல்லியல் துறையாருக்குத் தெரிவியுங்கள்.