கொச்சிக்கு வராத வரித்தலை வாத்துகள்: படம் எடுக்கச் செல்வோர் அறிய வேண்டியவை

கொச்சி: குளிர்காலத்தில் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி படகுத்துறைகளில் வட்டமிடும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள், லடாக், திபெத் உள்ளிட்ட உயர்ந்த பீடபூமிகளில் இனப்பெருக்கம் செய்யும் இனத்தைச் சேர்ந்தவை. அதே பீடபூமிகளின் ஏரிக்கரைகளில் கூடு கட்டும் வரித்தலை வாத்துகள், கேரளத்தில் மிக அரிதாகவே தென்படுகின்றன.

இந்த வேறுபாட்டில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு. கடற்காகத்துக்கு மீனும் படகுத்துறைக் கழிவும் போதும். வாத்தோ புல்லும் தானியமும் மேயும் பறவை. பகலில் ஓய்வெடுக்கத் திறந்த நீர்ப்பரப்பும், இரவில் மேய அருகிலேயே வயல்களும் அதற்குத் தேவை. உப்பேறிய கொச்சிக் காயலில் அந்த மேய்ச்சல் இல்லை.

எனவே இவற்றைக் காண விரும்பும் கொச்சிவாசிகள், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி அருகேயுள்ள கூந்தன்குளத்துக்குச் செல்லலாம். மணிமுத்தாறு கால்வாய் நீரால் நிரம்பும் இக்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஊருக்குள் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கும் கிராமம் அது.

தலையின் பின்புறமுள்ள இரு கரும்பட்டைகளே வாத்துக்கு இப்பெயரைத் தந்தன. இரண்டு முதல் மூன்று கிலோ எடையுள்ள இப்பறவை இமயமலையைத் தாண்டி வருகிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஆய்வொன்றில், 2013இல் வெளியான முடிவின்படி, அதிகபட்சமாக 7,290 மீட்டர் உயரம் பதிவானது. காற்று மெலிந்த அவ்வுயரத்திலும் ஆக்சிஜனை இறுகப் பற்றும் ஹீமோகுளோபின் அதன் இரத்தத்தில் உள்ளது. எனினும் சிகரங்களுக்கு மேலே பறப்பதைவிடப் பள்ளத்தாக்குகள், கணவாய்கள் வழியே செல்வதே வழக்கம்.

குளிர்காலம் முடிந்ததும் அதே மலையை மீண்டும் கடந்தாக வேண்டும். அதற்கான கொழுப்பை உடலில் சேர்க்கும் காலத்தில்தான் புகைப்படக்காரர்கள் வந்து சேர்கின்றனர். பறக்கும் காட்சிக்காகக் கூட்டத்தை விரட்டினால், சேமித்த ஆற்றல் வீணாகும். பகல் ஓய்வும் கெடும். மேய்ந்துவிட்டு விடியலில் அவை குளத்துக்குத் திரும்பும்போது, கரையில் அசையாமல் காத்திருந்தாலே பறக்கும் படம் கிடைக்கும். 400 மி.மீ.க்கு மேற்பட்ட தொலைநோக்கு லென்ஸ் இருந்தால் நெருங்க வேண்டியதில்லை. மேயும் வாத்துகள் ஒருசேரக் கழுத்தை உயர்த்தினால், அது எச்சரிக்கை அடையாளம். அங்கேயே நின்றுவிட வேண்டும்.

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி சரணாலயத்துக்குள் சென்று படம் எடுக்க வனத்துறையின் அனுமதி பெற வேண்டும்.