பைத்தானுக்கு வேகம் கொடுப்பவர்கள்

இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் பைத்தான் உடனே கூட்டிவிடாது. வந்திருப்பவை முழு எண்களா, தசம எண்களா, எழுத்துகளா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்கும். அந்தக் கூட்டல் பத்து லட்சம் முறை நடந்தால், சோதனையும் பத்து லட்சம் முறை நடக்கும். எழுத எளிது, ஓட்டத்தில் மெதுவானது என்று பைத்தானுக்குப் பெயர் வர இது ஒரு முக்கியக் காரணம்.

2022 அக்டோபரில் வெளிவந்த 3.11 பதிப்பு இங்கேதான் கைவைத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து லேத் பட்டறையில் ஒரே உருப்படி தொடர்ந்து வந்தால், அதற்கென்று ஜிக் எனும் பிடிமானக் கருவியைச் செய்து மாட்டிவிடுவார்கள். ஒவ்வொன்றையும் புதிதாக அளந்து குறிக்க வேண்டியதில்லை. வேறு உருப்படி வந்தால் ஜிக்கைக் கழற்றுவார்கள். பைத்தானும் அப்படித்தான். ஓர் இடத்தில் முழு எண்களே திரும்பத் திரும்ப வந்தால், அவற்றுக்கென்றே அமைந்த வேகமான கட்டளையை அங்கே பொருத்திக்கொள்கிறது. வேறு வகை வந்தால் பொதுக் கட்டளைக்குத் திரும்புகிறது. இது போன்ற மாற்றங்களால் 3.10 பதிப்பைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகம் கூடியது.

பைத்தானை இப்படி வேகமாக்கும் திட்டத்தை வகுத்தவர் மார்க் ஷானன். அதற்கு 2021 முதல் மைக்ரோசாஃப்ட் ஒரு குழு அமைத்து ஆதரவளித்தது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் அக்குழுவில் இருந்தார். சம்பளம் வாங்காமல் அதே வேலையில் இறங்கியவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் சிங்கப்பூரைச் சேர்ந்த கென் ஜின்.

நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து இயக்கும் பகுதிக்கு இன்டர்பிரட்டர் என்று பெயர். அவர் பைத்தானில் சேர்த்த புதிய இன்டர்பிரட்டர் 9 முதல் 15 சதவீதம் வேகம் தருவதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. நெல்சன் எல்ஹேஜ் என்ற பொறியாளர் அதைத் தாமே அளந்து பார்த்தார். ஒப்பீட்டுக்காகப் பைத்தானை இயந்திர மொழிக்கு மாற்றிய கிளாங் 19 கம்பைலரில் இருந்த ஒரு குறை, பழைய இன்டர்பிரட்டரை மெதுவாக்கியிருந்தது தெரியவந்தது. உண்மையான லாபம் 3 முதல் 5 சதவீதம்தான். கென் ஜின் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எண்ணைத் திருத்தினார். அந்த நேர்மையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் குழுவில் பலர் வேலையிழந்தார்கள். ஆனாலும் பணி நிற்கவில்லை. நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலரை மேம்படுத்தும் பொறுப்பைப் பைத்தான் சமூகம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 3.14 பதிப்பில், ஒரே நேரத்தில் பல பணிகளைக் கையாளும் அசின்க்ஐஓ நூலகத்தின் அளவீடுகள் 10 முதல் 20 சதவீதம் மேம்பட்டன. அதைச் செய்தவர் இந்தியாவின் குமார் ஆதித்யா.

இந்த லாபம் தமிழுக்கும் வருகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழி பைத்தானின் மேல்தான் ஓடுகிறது. அடித்தளம் வேகமானால் எழிலும் பயன்பெறும்.

திருவள்ளூர் வட்டாரப் பொறியியல் மாணவர்களும் இதில் சேரலாம். பைபெர்ஃபார்மன்ஸ் என்ற அளவீட்டுத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி ஆய்வகத்தின் பழைய கணினியில் இரண்டு பதிப்புகளை ஓட்டி, எது எங்கே மெதுவாகிறது என்று பிறரும் சரிபார்க்கும்படி எழுதி அனுப்பினாலே அது பங்களிப்புதான். எல்ஹேஜின் கண்டுபிடிப்பும் அப்படியோர் அளவீட்டில்தான் தொடங்கியது.