வெந்நீர் ஊற்றில் தேன்நிலவு!
குளித்துக்கொண்டிருந்த பெண், காதலரின் உயிரைக் காப்பாற்றினாள்

ஜப்பான் எரிமலைகள் நிறைந்த நாடு. பூமிக்குள் இருக்கும் சூட்டினால், அங்கே பல ஊர்களில் வெந்நீர் ஊற்றுகள் பொங்குகின்றன. இவற்றுக்கு "ஓன்சென்" என்று பெயர்.

ஊற்று உள்ள கிராமங்களில் விடுதிகள் உண்டு. புதுமணத் தம்பதிகள் அங்கே போய்த் தங்குகிறார்கள். இந்த வழக்கத்துக்கு ஒரு காதல் கதை இருக்கிறது.

நள்ளிரவில் ஆபத்து

1866-ம் ஆண்டு. கியோத்தோ அருகே ஒரு விடுதி. மாடியில் "ரியோமா" என்ற வீரர் தங்கியிருந்தார். ஆட்சியை மாற்றப் பாடுபட்டவர் அவர். அவரைப் பிடிக்க நள்ளிரவில் காவலர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

அப்போது அவருடைய காதலி "ஓரியோ" குளித்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் நடமாட்டத்தைக் கண்டதும் மாடிக்கு ஓடினாள். எச்சரித்தாள். ரியோமா சண்டையிட்டுத் தப்பினார். ஆனால் கைகளில் பலத்த வெட்டுக் காயம்!

காயம் ஆற, இருவரும் தெற்கே உள்ள ககோஷிமாவுக்குப் போனார்கள். மலைச்சாரலில் இருக்கும் வெந்நீர் ஊற்றில் குளித்தார்கள். கைகோத்து மலை ஏறினார்கள். "ஜப்பானின் முதல் தேன்நிலவு இதுதான்" என்று பலர் சொல்கிறார்கள்.

1,300 ஆண்டு விடுதி

யமனாஷி மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே "கெய்யுன்கான்" என்ற விடுதி இருக்கிறது. அது தொடங்கிய ஆண்டு 705. உலகிலேயே பழமையான ஓட்டல் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது.

இத்தகைய விடுதிகளில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். தரையில் கோரைப்பாய். விருந்தினர் உடுத்த, "யுக்காத்தா" என்ற பருத்தி அங்கி கொடுப்பார்கள். இரவில் பாயின் மேல் மெத்தை விரிப்பார்கள்.

குளிப்பதற்கும் முறை உண்டு. முதலில் வெளியே சோப்புப் போட்டு, உடம்பை நன்றாகக் கழுவ வேண்டும். பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். துண்டு தண்ணீரில் படக்கூடாது. பெரும்பாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தொட்டிகள்.

மது அருந்திவிட்டு இறங்குவது ஆபத்து. இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. தலை சுற்றினால் உடனே மெதுவாக வெளியே வந்துவிட வேண்டும்.

பிரிந்த ஜோடி

தேன்நிலவு முடிந்த மறு ஆண்டே, 1867-ல், ரியோமாவை எதிரிகள் வெட்டிக் கொன்றார்கள். ஓரியோ 1906-ம் ஆண்டு வரை வாழ்ந்தாள்.

அவர்கள் குளித்த ஊற்றின் அருகே இருவருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். வாழ்க்கையில் பிரிந்த ஜோடி, சிலையில் சேர்ந்தே நிற்கிறது!