ஒரு டம்ளர் காப்பியால் தலைசுற்றல் பரிசோதனை கெடுமா?

வெள்ளிமலையில் இருக்கும் ஒருவருக்குத் தலைசுற்றல் ஓயாமல் வந்து, உள்காதைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அவர் கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி தேவைப்பட்டால் சேலம், புதுச்சேரி என்று மேலும் அலைய நேரலாம். இந்தச் சோதனைக்கு முன்பு ஒரு நாளோ இரண்டு நாளோ காப்பி, டீ கூடாது என்பது உலகெங்கும் பல மருத்துவமனைகள் சொல்லிவரும் நிபந்தனை. விடியற்காலையில் வரக்காப்பி குடித்துவிட்டுப் பஸ் ஏறியவரை இன்னொரு நாள் வரச் சொன்னால் அன்றைய கூலியும் போகும், பஸ் காசும் போகும், தலைசுற்றல் மட்டும் கூடவே திரும்பி வரும். வழக்கமாகக் குடிக்கும் ஒரு டம்ளருக்காகச் சோதனையைத் தள்ளிப்போடத் தேவையில்லை என்பது என் வாதம்.

காதைக் கழுவும் தண்ணீர் சில்லென்று இருந்தால் தலை சுற்றிக் கண் ஒரு திசையில் துடிப்பதையும், சூடாக இருந்தால் எதிர்த்திசையில் துடிப்பதையும் கவனித்தவர் ராபர்ட் பாரானி. உள்காது பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் நோயாளியைப் படுக்கவைத்து, தலையைச் சற்றே உயர்த்தி, ஒவ்வொரு காதிலும் 30 டிகிரி, 44 டிகிரி தண்ணீரை மாற்றி மாற்றி விடுகிறார்கள். உடல் சூட்டைவிட ஏழு டிகிரி குறைவு, ஏழு டிகிரி கூடுதல். அந்த வெப்ப வித்தியாசத்தில் அரைவட்டக் குழாயில் உள்ள திரவம் நகர, தலை திரும்புவதாக மூளை நம்பிவிடுகிறது, கண் துடிக்கிறது. எந்தப் பக்கத்துக் காது சோர்ந்திருக்கிறது என்பது அந்தத் துடிப்பில் தெரிந்துவிடும். அப்போது நோயாளியிடம் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள். மனம் மந்தமானால் துடிப்பு அடங்கிப்போய், நல்ல காதும் பழுதானது போலத் தோன்றும் என்பதே காரணம். தினமும் குடிப்பவர் காப்பியை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் அசதியும் தொடங்கலாம். விழிப்போடு இருக்க வேண்டிய நேரத்தில் அவரைத் தூங்கிவழிய வைப்பது சோதனைக்கு எந்த வகையில் உதவும்?

தூக்கத்தை வரவழைக்கும் அடினோசினின் வேலையைக் காஃபீன் தடுக்கிறது. அதனால் நரம்புகள் மிகையாகத் தூண்டப்பட்டு முடிவு மாறிவிடும் என்ற சந்தேகம் எழுந்தது நியாயமே. 2005-இல் பிரேசிலில் 19 பேரைக் காப்பியோடும் காப்பியில்லாமலும் சோதித்தார்கள், முடிவு மாறவில்லை. 2014-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 30 இளைஞர்களிடம் நடந்த ஆய்விலும் நோய்க் கணிப்பைப் புரட்டும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. இவை சிறிய ஆய்வுகள், நோயாளிகள் எல்லோருக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் ஏழை நோயாளியின் தலையில் சுமையை ஏற்றும் நிபந்தனைக்கு அதைவிட வலுவான ஆதாரம் வேண்டாமா? தலைசுற்றலைத் தரும் உள்காது நோயான மெனியர் நோய்க்குக் காப்பியைக் குறைக்கச் சொல்வார்களே என்றால், அது சிகிச்சை சார்ந்த விஷயம். அதிலும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு 2018-இல் தேடியபோது தகுதியான ஒரு பரிசோதனை ஆய்வுகூடக் கிடைக்கவில்லை.

மதுவுக்கு இந்தச் சலுகை கிடையாது. உள்காதின் உணர்பகுதிக்கும் அதைச் சூழ்ந்த திரவத்துக்கும் இடையே உள்ள அடர்த்திச் சமநிலையை அது குலைத்து, படுத்தாலே கண்ணைத் துடிக்க வைக்கும். தலைசுற்றலை அடக்கும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் மாத்திரைகளும் முடிவை மறைக்கக்கூடியவை. சோதனைக்கு நாள் குறிக்கும்போதே எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், காலைக் காப்பி குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். காப்பி குடித்துவிட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.